அது யார் கழுத்து

அந்தச் செருப்புக் கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் அவரைக் கொக்கு சார் என்பார்கள். முதலாளிக்கு மட்டும் சார் தேவைப்படவில்லை. வெறும் கொக்குதான். மரியாதையும் கேலியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்த அந்தப் பெயருக்கு அவர் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. "சொல்லுங்க" என்று திரும்புவார். கழுத்து தனியாகத் திரும்பாது, தோளையும் கூட்டிக்கொண்டுதான் திரும்பும். எவ்வளவு புழுக்கமான நாளாக இருந்தாலும் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். மற்றவர்களுடைய காலரைவிட அவருடைய காலர் உயரம் அதிகம். அவர் மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கடையில் வாங்கிய சட்டையின் காலரைப் பிரித்து, உள்ளே பட்டை வைத்து உயர்த்தித் தைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, அட்டை மாதிரி நிற்க வைத்துக் கொடுப்பாள்.

அவருடைய கழுத்து நீளம். சும்மா கொஞ்சம் நீளம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத நீளம். சின்ன வகுப்பிலேயே ஆசிரியர் அவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார். பின்னால் உட்கார்ந்தவர்களுக்குக் கரும்பலகை தெரியவில்லையாம். அன்றிலிருந்து அவர் தலையை முன்னால் நீட்டி, தோளை மேலே தூக்கி, கழுத்தை இரண்டுக்கும் நடுவில் ஒளித்து வைக்கப் பழகினார். ஆமையைப் பார்த்துக் கொக்கு கற்றுக்கொண்ட வித்தை. கல்யாணப் புகைப்படத்திலும் அப்படித்தான் நிற்கிறார். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு நெடுங்காலம் வரை தன் கணவருக்குக் கழுத்தே இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம் இருந்ததாம். இது அவளே சொல்லிச் சிரிக்கும் கதை.

செருப்புக் கடை வேலைக்கு அவர் போனதற்கும் காரணம் உண்டு. "செருப்பு வாங்க வர்றவன் அவன் காலைத்தான் பார்ப்பான். விக்கிறவன் கழுத்தைப் பார்க்க மாட்டான்" என்று ஒருமுறை மனைவியிடம் வேடிக்கையாகச் சொன்னார். அதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

வேலையில் கெட்டிக்காரர். முழங்காலிட்டு உட்கார்ந்து, வாடிக்கையாளரின் பாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, கட்டைவிரல் முனையை அழுத்திப் பார்த்து, "ஒரு அளவு பெருசு எடுத்துக்கலாங்க" என்று அண்ணாந்து சொல்வார். குனிவதும் அண்ணாந்து பார்ப்பதுமாகவே வருடங்கள் போயின. ஒரு நாள் ஒரு ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தபோது வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போயின. பிறகு பிடரியில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி குடியேறியது. மேல் தட்டில் இருந்த பெட்டியை எடுக்கச் சொன்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

"என்னய்யா இது, கொக்குக்கே மேல எட்டலயா?" என்றார் முதலாளி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்தபோது வலித்தது.

மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் நிறுத்தினாள். படம் எடுத்தார்கள். மருத்துவர் அதைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போய் இன்னொரு மருத்துவரைக் கூட்டிவந்தார். அந்த மருத்துவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் அந்தச் சின்ன அறையில் நாலைந்து பேர் நின்றுகொண்டு திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேல் பொத்தான் வரை போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தும் அவருக்கு உடம்பில் ஒட்டுத்துணி இல்லாதது போல இருந்தது. காலரால் மறைக்க முடிந்தது தோலை மட்டும்தான். இவர்கள் நேராக எலும்புக்கே போய்விட்டார்கள்.

அந்த நாலைந்து பேரில் ஒருத்தி மருத்துவர் இல்லை. ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிற பொறியாளர். மனிதக் கழுத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுவது அவள் வேலை. மற்றவர்கள் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க கழுத்தை எங்களுக்குக் கொடுப்பீங்களா?"

"பதிலுக்கு வேற ஒண்ணு தருவீங்களாம்மா?"

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். வண்டி மோதினால் கழுத்துக்கு என்ன ஆகும், எந்த இருக்கை காப்பாற்றும், எது காப்பாற்றாது என்பதை உயிருள்ள மனிதனை உட்கார வைத்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரு ஆளின் கழுத்தைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, அந்த எலும்பும் எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தையும் நாரும் தசையும் எப்படி இருக்கிறதோ அப்படியே கம்ப்யூட்டரில் கட்டி, அதை மோத விடுவார்கள். அங்கே எத்தனை தடவை முறிந்தாலும் யாருக்கும் வலிக்காது.

"எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் நடுத்தரமான கழுத்து சார். குட்டைக் கழுத்து ஒண்ணு இருக்கு, எங்க வாசல்ல இருக்கிற காவலாளியோடது. நீளமா, மெல்லிசா ஒண்ணு கிடைக்காம ரொம்ப நாளா தேடிட்டிருக்கோம்."

உன் கழுத்து வேண்டும் என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. மனைவி பக்கம் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவரும் ஆட்டினார், வலியோடு.

கூடத்தில் அவர் நுழைந்த அறை சின்னது. மூன்று கம்ப்யூட்டர்கள், மூலையில் தொப்பி மாட்டிய ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, அதன் விலா எலும்பில் யாரோ தொங்கவிட்ட குடை. கேமரா அளவெடுக்க அடையாளமாகப் பிடரியில் பட்டாணி அளவு பொட்டுகள் ஒட்ட வேண்டும், சட்டையைக் கழற்றுங்கள் என்றார்கள். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினார்கள். திரைச்சீலையையும் இழுத்துவிடச் சொன்னார். அந்தப் பெண் முகத்தில் எதையும் காட்டாமல் இழுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

பொட்டு ஒட்டியபின் கேமராக்கள் சுற்றி நின்றன. அவர் முதுகை விறைத்துக்கொண்டு நின்றார்.

"இப்படி வேண்டாம் சார். வீட்ல, கடையில எப்படி நிப்பீங்களோ அப்படியே நில்லுங்க."

அவர் வழக்கம்போல் நின்றார். தலை முன்னால் போனது, தோள் மேலே வந்தது. அவள் அவருடைய தோளைக் கவனித்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள்.

சில வாரங்கள் கழித்துக் கூப்பிட்டனுப்பினாள். திரையில் அவர் கழுத்து நின்றது. தோல் இல்லை, சதை இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏழு எலும்புகள், சின்னச் சின்னக் கட்டங்களால் பின்னிய வலை போல. நடுவில் மெத்தைகள் நீல நிறத்தில். உச்சியில் தலையின் பாரம்.

"தலை ஒரு நாலரை, அஞ்சு கிலோ இருக்கும் சார். நேரா வெச்சா எலும்பு தாங்கிக்கும். இப்போ நீங்க நிக்கிற மாதிரி முன்னாடி கொண்டு போறேன், பாருங்க."

தலை மெல்ல முன்னால் நகர்ந்தது. கீழ் எலும்புகளுக்கு நடுவில் நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, கடைசியில் ரத்தச் சிவப்பு. அவருக்கு வலிக்கும் இடம் அதேதான். அவர் கை தானாகப் பிடரிக்குப் போனது.

"எலும்பு நீளமா இருக்கிறது நோய் இல்ல சார். இதே கழுத்து நிமிர்ந்து நின்னா இவ்வளவு பாரம் கிடையாது. இப்படி ஒடுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் இதை இந்தப் பாடு படுத்தியிருக்கு. எப்போலேருந்து சார் இப்படி?"

கடைசி பெஞ்சு அவர் கண்முன் வந்தது. "வேலை அப்படிம்மா, குனிஞ்சே இருக்கிறது" என்றார். பொய் சொன்னதைவிட, திரையில் அந்தச் சிவப்பு அப்படியே நின்றுகொண்டிருந்ததுதான் அவரைக் கூசவைத்தது. யாருக்கும் தெரியாமல் தான் செய்துவந்ததாக நினைத்த காரியத்தை ஒரு எந்திரம் வண்ணம் பூசிக் காட்டிவிட்டது.

ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது அவருக்குள் ஒரு சின்னக் கர்வமும் இருந்தது. எலும்பு நீளமாக இருப்பது நோய் இல்லை. படித்தவள் சொல்லியிருக்கிறாள். கூடத்தில் பொதுமக்களுக்காக ஒரு நாள் கண்காட்சி வைக்கப்போவதாகவும், குடும்பத்தோடு வரவேண்டும் என்றும் அவள் சொன்னபோது, அவர் மனதில் முதலில் வந்தவள் மகள்.

மகள் கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. கண்ணும் வாயும் அம்மா, கழுத்து அப்பா. எப்போதும் கூந்தலை விரித்துத் தோளின் இரண்டு பக்கமும் முன்னால் போட்டிருப்பாள். அது அந்த வயதுப் பெண்களின் நாகரிகம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"நம்ம கழுத்து பெரிய திரையில வரப்போகுது கண்ணு" என்றார்.

"எல்லார் முன்னாடியுமா?"

"பேரெல்லாம் போட மாட்டாங்க."

அவள் யோசித்தாள். "அப்போ வர்றேன்பா."

அரங்கில் கூட்டம் இருந்தது. அவர்கள் நடுவரிசையில் உட்கார்ந்தார்கள். அவருக்கு இடப்பக்கம் மகள், அதற்கடுத்து மனைவி. வலப்பக்கம் முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதர், மடியில் பேத்தி. விளக்கு அணைந்தது. காவலாளியின் குட்டைக் கழுத்து முதலில் வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். வாசலில் நின்ற காவலாளி இடுப்பில் கைவைத்து நின்று தலை குனிந்து வணக்கம் சொன்னார். ஒரே கைதட்டல்.

அப்புறம் இவருடையது வந்தது. தரையிலிருந்து கூரை வரை வெள்ளையாக, அடுக்கு அடுக்காக எழுந்து நின்றது.

"ஐ! ஒட்டகச்சிவிங்கி!" என்றது பக்கத்து மடியில் இருந்த குழந்தை.

அரங்கமே சிரித்தது. குழந்தை சொன்னதில் விஷம் இல்லை, சிரித்தவர்களிடமும் இல்லை. மேடையில் நின்ற அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "குட்டிப் பாப்பா சரியாத்தான் சொல்லுது. ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்துல ஏழு எலும்புதான், நமக்கும் ஏழுதான்" என்று சமாளித்தாள். மறுபடி சிரிப்பு.

பிறகு அந்தக் கழுத்தை ஒரு கார் இருக்கையில் உட்கார வைத்தார்கள். பின்னாலிருந்து இன்னொரு கார் மோதியது. கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதை மிக மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். முதுகு முன்னால் தள்ளப்பட்டது. தலை இருந்த இடத்திலேயே பின்தங்கியது. தலைக்குப் பின்னால் தாங்க வேண்டிய மெத்தை பிடரி உயரத்துக்குத்தான் இருந்தது. தலை அதன்மேல் வழுக்கிக்கொண்டு பின்னால் சாய, கழுத்து நெளிந்து, வில்லாக வளைந்து, மேலிருந்து கீழ்வரை சிவந்தது. "அய்யோ" என்று முன்வரிசையில் யாரோ கத்தினார்கள். மகளின் கை அவர் முழங்கையைப் பிடித்தது.

"இந்தக் கழுத்தைக் கொடுத்தவர் இங்கேதான் இருக்கார்" என்றாள் மேடையில் நின்றவள். "அவருக்கு விருப்பம் இருந்தா எழுந்து நிக்கலாம். நாம எல்லாரும் அவருக்கு நன்றி சொல்லணும்."

தலைகள் இங்கும் அங்கும் திரும்பின. மனைவி மகளைத் தாண்டிக் கையை நீட்டி அவர் தொடையில் கிள்ளினாள். "எழுந்திருங்க."

பக்கத்தில் இருந்த பெரிய மனிதர் அவர் பக்கம் சாய்ந்தார். "யார் கழுத்துங்க அது? பாவம், இப்படி ஒண்ணை வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் எப்படித்தான் வெளிய தெருவுல நடமாடுறாரோ!"

"தெரியலீங்க" என்றார் அவர். "யாரோ."

சொல்லும்போதே தலை முன்னால் போய், தோள் மேலே வந்துவிட்டது. பெரிய மனிதர் அவரைப் பார்த்தார். பார்வை காலரில் நின்றது. பிறகு அவரைத் தாண்டி மகளிடம் போனது. அவளுடைய கூந்தல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. பெரிய மனிதருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்து, சட்டென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு, பேத்தியின் உடையைத் தேவையில்லாமல் சரிசெய்தார். மகள் அதையும் பார்த்தாள். அவர் முழங்கையிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையாலும் கூந்தலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து, மற்றவர்களின் கால்களை மிதித்துக்கொண்டே வெளியே போனாள்.

யாரும் எழவில்லை என்று கண்டதும் மேடையில் இருந்தவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

பஸ்ஸில் மகள் தனியாக முன்னால் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவர் வழக்கத்துக்கு மாறாகத் தானே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"ஒரு குழந்தை சொன்னதுக்குப் போய்..." என்று ஆரம்பித்தார்.

"குழந்தை சொன்னதுக்கு இல்லப்பா. அது ஒட்டகச்சிவிங்கின்னு சொன்னப்போ எனக்கே சிரிப்பு வந்துச்சு. நீங்க 'யாரோ'ன்னு சொன்னீங்களே."

"அவர் யாருன்னே தெரியாது கண்ணு. அவர்கிட்ட எதுக்குப் போய்ச் சொல்லிக்கிட்டு..."

"நான் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சே. என் கழுத்தையும் சேர்த்துத்தானே தெரியாதுன்னு சொன்னீங்க?"

அவர் தண்ணீர் டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"ஸ்கூல்ல யாரும் என்னை ஒண்ணும் சொல்லல, தெரியுமா? நான் சின்னவளா இருந்தப்போ போட்டோ எடுக்கப் போனோம். நீங்கதான் 'தாடையைக் கொஞ்சம் கீழ இறக்கு, முடியை முன்னாடி போடு'ன்னு சொன்னீங்க. வீட்டுக்கு வந்து கண்ணாடியில பார்த்தேன். எதுக்குச் சொன்னீங்கன்னு அப்போதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் எனக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

அவள் அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அறைந்து சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் புகைப்படம் அவருக்கு ஞாபகம் இருந்தது. தான் சொன்னதும் ஞாபகம் இருந்தது. அதை அவர் பாசம் என்று நினைத்துத்தான் சொன்னார். தான் பட்டது இவளும் படவேண்டாமே என்று. ஊரார் தனக்குச் செய்ததை, ஊரார் முந்துவதற்குள் தானே மகளுக்குச் செய்துவிட்டிருந்தார். அதை நினைக்க நினைக்க, உள்ளங்காலிலிருந்து காதுமடல் வரை சூடு ஏறியது. அடுத்த பல நாட்கள் வீட்டில் மகள் எதிரே வந்தால் அவர் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார். வாடகைக்குக் குடியிருப்பவன் வீட்டுக்காரரைக் கண்டு ஒதுங்குவது போல.

கண்காட்சிக்கு லீவு கொடுத்திருந்த முதலாளி கடையில், "என்ன கொக்கு, படம் நல்லா ஓடுச்சா?" என்று கேட்டார். "ஓடுச்சு" என்றார்.

அந்த வாரத்தில் ஒரு பெண் செருப்பு வாங்க வந்தாள். நல்ல உயரம், பெரிய பாதம். குரலைத் தாழ்த்தி, ஆண்கள் பக்கத்தில் இருப்பதில் ஏதாவது தனக்குச் சரியாக வருமா என்று கேட்டாள். இப்படி வருகிறவர்களுக்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். அளவு எண் தெரியாதபடி பெட்டியைத் திருப்பிப் பிடித்துக் கொண்டுவருவார். அது தன்னிடம் இருக்கும் நல்ல குணங்களில் ஒன்று என்பது அவர் எண்ணம். அன்றைக்குப் பெட்டியைத் திருப்பப் போன கை நின்றது. பிறகு, வேறு எப்படிச் செய்வது என்று தெரியாததால், திருப்பித்தான் கொண்டுபோனார். அந்தப் பெண் நன்றியோடு பார்த்தாள். அவருக்கு அந்த நன்றி தாங்கவில்லை.

விடுமுறை நாளில் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். அவரைக் கண்டதும் பொறியாளர் பெண் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சார், நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். நான் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது. உங்ககிட்ட கேட்காம எழுந்து நிக்கவும் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் எழுந்து நின்னிருக்கணும்மா."

"இல்ல சார், அது உங்க விருப்பம்."

"நான் சொல்றது உங்களுக்காக இல்லம்மா." எலும்புக்கூட்டில் தொங்கிய குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளைப் பற்றிச் சொன்னார். புகைப்படம் எடுத்த கதை வரைக்கும் சொன்னார். எப்போதிலிருந்து இப்படி நிற்கிறீர்கள் என்று அவள் முன்பு கேட்டதற்கும் இப்போதுதான் பதில் சொன்னார்.

கேட்டு முடித்தபின் அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். கார் இருக்கை செய்கிற நிறுவனங்களின் பொறியாளர்கள் சீக்கிரம் ஒரு கூட்டத்துக்கு வருகிறார்கள். தலை தாங்கும் மெத்தையை உயர்த்த வேண்டும் என்று அவர்களை நம்பவைக்க வேண்டும். கம்ப்யூட்டர் படம் மட்டும் காட்டினால், இவ்வளவு நீளக் கழுத்து எங்கே இருக்கிறது, நீங்களே இழுத்து நீட்டியிருப்பீர்கள் என்பார்கள். அதனால் ஒரு நிஜ இருக்கையைப் போட்டு, அதே அளவில் ஒரு பொம்மையைச் செய்து உட்கார வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பொம்மை எதுக்கு?" என்றார் அவர். "நான் உட்கார்றேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார். எல்லாரும் பார்ப்பாங்க."

"யோசிச்சா மாட்டேன்னு சொல்லிடுவேம்மா."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காலர் இல்லாத சட்டை ஒன்று வேண்டும் என்றார். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. அவருடைய நல்ல சட்டை ஒன்றை எடுத்து, தான் உயர்த்தித் தைத்த காலரைத் தானே தையல் தையலாகப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களை மட்டும் சொல்லி என்ன பண்றது? ஒவ்வொரு சட்டைக்கும் பட்டை வெச்சுத் தெச்சுக் கொடுத்தவ நான்தானே. ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னேனா?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அறுந்த நூல்களைப் பொறுக்கினார்.

கூட்டத்தன்று மகளுக்குப் பரீட்சை. பரீட்சை இல்லாவிட்டாலும் அவள் வந்திருப்பாளா என்று தெரியாது. அவர் கூப்பிடவும் இல்லை.

மேடையில் கார் இருக்கை ஒன்றைப் போட்டு, பக்கத்தில் திரையை வைத்திருந்தார்கள். கூட வந்த மனைவியைப் பின்வரிசையில் விட்டுவிட்டு அவர் ஏறிப்போய் உட்கார்ந்தார். தொண்டைக்குழியில் நேராகக் காற்று பட்டது. அது அவருக்குப் பழக்கமில்லாத உணர்வு. நிமிர்ந்து உட்காரச் சொன்னார்கள். நிமிர்ந்தார். முதல் வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு வியர்த்து ஊற்றியது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. யாராவது ஒருவர் 'இது யார் கழுத்து' என்று கேட்டால் பதில் சொல்லலாம் என்று தயாராக வந்திருந்தார். யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அதுதான் எல்லாருக்கும் தெரிகிறதே. வயதான பொறியாளர் ஒருவர் மட்டும் மேடைக்கு வந்து, அனுமதி கேட்டு, அளவு நாடாவை அவர் பிடரியில் வைத்து மெத்தையின் விளிம்பு எங்கே வருகிறது என்று பார்த்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. "உண்மைதான், நம்ம ஆளுங்க இதை யோசிக்கவே இல்ல" என்று முனகிவிட்டு இறங்கிப்போனார்.

முடிந்ததும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் வெட்கம் கரைந்துபோய்விடும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். கரையவில்லை. உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அது கூடவே உட்கார்ந்திருந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார்.

மகள் பரீட்சையிலிருந்து திரும்பியிருந்தாள். காலர் இல்லாத சட்டையைப் பார்த்தாள்.

"சிரிச்சாங்களா?"

"ரெண்டு பேரு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"உட்கார்ந்திருந்தேன்."

"எழுந்து வந்துடலயா?"

"வரலாம்னுதான் இருந்துச்சு. வரல."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் சாப்பிடும்போது உப்பு ஜாடியைத் தள்ளிவிடச் சொல்லி அவரிடம் கேட்டாள். அதுவரை அம்மாவிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அவர் விடாமல் செய்தார். சுவரில் முதுகை ஒட்டி நின்று, தாடையை உள்ளே இழுத்து, விடுவது. விரல் மரப்பு போனது. வலி பாதி போனது. மீதி போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பல வருடம் முன்னால் சாய்ந்தே நின்றதில் கீழ் எலும்புகள் இரண்டுக்கு நடுவில் இருந்த மெத்தை தேய்ந்துவிட்டது, அது வளராதாம். கடையில் யாராவது உற்றுப் பார்த்தால் தோள் இன்னும் தானாக மேலே வரத்தான் செய்தது. கவனித்தால் இறக்கிவிடுவார். கவனிக்காத நேரமும் உண்டு. கொக்கு என்ற பெயரும் அப்படியேதான் இருந்தது.

அடுத்த பரிசோதனைக்குக் கூடத்துக்குப் போனபோது பொறியாளர் பெண் பேச்சுவாக்கில், "உங்க பொண்ணு வந்துட்டுப் போனாங்க சார்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெண்களின் கழுத்து மாதிரிகள் போதவில்லை என்று கூடத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மகள் தானே வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் அதையே புரட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன அறையில், அந்தக் கேமராக்களுக்கு நடுவில், அவள் திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்லியிருப்பாளா? துணைக்கு வாங்க என்று அவள் கேட்கக்கூடத் தகுதியில்லாத அப்பனாகிவிட்டோமே என்றுதான் இருந்தது. தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. அவள் சொல்லும்போது சொல்லட்டும் என்று இருந்தார்.

அவள் சொன்னாள், கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம். அவர் தரையில் உட்கார்ந்து அவளுடைய கல்லூரி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"நானும் அங்க போய் என் கழுத்தைக் கொடுத்துட்டு வந்தேன்பா. உங்களோடதையும் என்னோடதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. அச்சு அசல் ஒண்ணுபோல இருக்கு. எனக்கும் தலை முன்னாடிதான் போகுதாம். ஆனா உங்க அளவுக்கு இல்லையாம். இப்பவே சரிபண்ணிக்கலாமாம்."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "என்னை மன்னிச்சிடும்மா" என்றார், ஷூவைப் பார்த்து.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்கப்பா."

அவர் தலையைத் தூக்கினார். பார்வை அவள் கையில் இருந்த வளையல் வரைக்கும் வந்தது. அங்கே பிடரி இழுத்துப் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் முயன்றார். முகத்தில் வலி தெரிந்தது.

"இவ்வளவுதாம்மா வருது."

மகள் பாலிஷ் டப்பாவை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.